குடல் நோய்க்கு மருந்து தேடிய டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு டாக்டர் சுப்பாராவின் வாழ்க்கையை எழுதித் தருகிறோம் என்றபோது, அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். தாய்மொழி தெலுங்கு. பேராக் மண்ணில் வாழ்ந்தவரும் அல்லர். ஆனாலும் ஈப்போவைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் குடும்பங்களில், பிள்ளை உண்டான பெண்கள் கிளினிக்கிலிருந்து வாங்கி வந்த சின்ன மஞ்சள் மாத்திரையை அறியாதவர் இருக்க முடியாது. ஃபோலிக் அமிலம் என்பது அதன் பெயர். நம் தாய்மார்களும் சகோதரிகளும் மருமக்களும் அதை விழுங்கியிருக்கிறார்கள். அதன் பின்னால் இருந்த மனிதரைத்தான் நாம் அறியாமல் இருந்துவிட்டோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறோம்.

தோட்டத்து வயிறு

சுங்கை சிப்புட்டிலும் கம்பாரிலும் பத்து காஜாவிலும் பழைய தோட்டங்கள் இன்று செம்பனைக் காடுகளாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளில் வாழ்ந்த பெரியவர்களிடம் அந்தக் காலத்து நோய்களைக் கேட்டால் முதலில் காய்ச்சலைச் சொல்வார்கள். அடுத்து வயிற்றைச் சொல்வார்கள். வயிற்றுப்போக்கு, சீதபேதி, பூச்சி, அதன் பின்னால் வரும் சோகை. வெறுங்காலோடு மண்ணில் நடந்தவர்களின் பாதத்தைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழு உள்ளே போகும். சிறுகுடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். வெளிறிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டே மரம் வெட்டப் போனவர்கள் பலர். தோட்டத்து டிரசர் பூச்சி மருந்தும் இரும்புச் சத்து மருந்தும் கொடுப்பார். சிலருக்குத் தெளியும். சிலருக்கு எத்தனை இரும்பு கொடுத்தாலும் இரத்தம் ஊறாது. அது வேறு வகைச் சோகை என்று கண்டுபிடிக்கவே உலகத்துக்குப் பல காலம் பிடித்தது.

சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று குறைந்தாலே நோய் வரும் என்ற பாடத்தை மலாயா முன்பே படித்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்து 1907இல் நூலாகவே எழுதினார். தவிட்டில் இருந்த சத்துதான் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. இதே போன்ற மறைந்திருக்கும் ஒரு சத்தைத் தேடித்தான் சுப்பாராவின் வாழ்நாளும் கழிந்தது.

பீமவரம் முதல் திருவல்லிக்கேணி வரை

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகன்னாதம், தாயார் வெங்கம்மா. வசதி குறைந்த பெரிய குடும்பம். சிறுவயதில் படிப்பில் நாட்டமில்லை. பணம் சம்பாதிக்கலாம் என்று, காசிக்கு வரும் யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்க வீட்டை விட்டு ஓடிப்போனவர். தாயார் விடவில்லை. பிடித்து இழுத்து வந்து பள்ளியில் உட்கார வைத்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளையைக் கரை சேர்த்தது அந்தத் தாயாரின் பிடிவாதம்தான்.

மெட்ரிக்குலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறினார். மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பிரசிடென்சி கல்லூரியில் படித்தபோது துறவியாகப் போக ஆசைப்பட்டார். தாயார் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்ற முடிவோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது காந்தியடிகளின் இயக்கம் பரவிய காலம். சுப்பாராவ் அறுவை மருத்துவ வகுப்புக்குக் கதராடை அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வு முடிவில், முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசாங்க மருத்துவ சேவையில் இடம் கிடைக்காமல் போகவும் அது காரணமாயிற்று. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகச் சேர்ந்தார்.

வீட்டுக்குள் வந்த நோய்

இந்த ஆண்டுகளில்தான் அவர் குடும்பத்தின் மேல் அந்த நோய் விழுந்தது. ஸ்ப்ரூ என்பது அதன் பெயர். நமக்குப் பக்கத்து நாடான ஜாவாவில் இருந்த டச்சுக்காரர்கள் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. வெப்ப நாடுகளில் காணும் இந்நோயை நாட்டு வைத்தியர்கள் கிரகணி என்னும் வகையில் சேர்ப்பார்கள். முதலில் வயிற்றுப்போக்கு. பிறகு அது நிற்பதே இல்லை. மலம் வெளுத்து, கொழுப்பு கலந்து, மிகுதியாகப் போகும். நாக்கு சிவந்து புண்ணாகும். காரமோ சூடோ பட்டால் எரியும். உண்பது உடம்பில் ஒட்டாது. சில மாதங்களில் ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். கடைசியில் இரத்தமும் வற்றிப்போகும்.

சுப்பாராவின் சகோதரர்கள் இருவர், சில நாட்கள் இடைவெளியில், இந்த நோய்க்குப் பலியானார்கள். மருத்துவம் படித்த சகோதரன் வீட்டில் இருந்தும் காப்பாற்ற வழியில்லை. அந்தக் காலத்து மேல்நாட்டு மருத்துவத்திடம் இதற்கென்று ஒரு மருந்தும் இல்லை. பிறகு அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் டாக்டர் ஆசந்த லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் உயிர் பிழைத்தார்.

இறைவன் நோயைத் தந்தால் மருந்தையும் வைத்திருப்பான், அதைத் தேடுவது மனிதன் கடமை என்று நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. சுப்பாராவ் வேறு நம்பிக்கையில் வளர்ந்தவர். ஆனால் அந்தத் தேடலைத் தன் கடமையாகவே எடுத்துக்கொண்டார். வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிப் படிக்க அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போவது என்று உறுதி கொண்டார்.

ரங்கூன் பணத்தில் ஒரு பயணம்

போவதற்குப் பணம் வேண்டுமே. மாமனார் கொஞ்சம் திரட்டிக் கொடுத்தார். காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் கைகொடுத்தது. இந்தச் சத்தியலிங்க நாயக்கர் யார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர் கோதாவரிக் கரையோரத்திலிருந்து கடல் கடந்து பர்மாவுக்குப் போய், ரங்கூனில் பொருள் ஈட்டியவர். நம் பாட்டன்மார் நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறி மலாயா வந்ததைப் போலத்தான் அவர் கதையும். சேர்த்த செல்வத்தை ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்காக எழுதி வைத்துவிட்டு 1915இல் மறைந்தார். தான் விட்டுச் சென்ற பணம் எந்த மாணவனை எங்கே கொண்டு சேர்த்தது என்று அவர் அறியவில்லை.

1922 அக்டோபரில் சுப்பாராவ் பாஸ்டன் நகரில் இறங்கினார். இளம் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டு, சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு போனவர். திரும்பவே இல்லை. மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனான். அந்த முகத்தைத் தந்தை பார்த்ததே இல்லை. இந்த இழப்பை நாம் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. அவருடைய சாதனையைப் புகழும்போது, ஊரில் காத்திருந்தே ஆயுளைக் கழித்த அந்த அம்மையாரையும் நினைக்க வேண்டும்.

பாஸ்டனில் இரவு வேலை

அவருடைய சென்னைச் சான்றிதழை வைத்து அமெரிக்காவில் மருத்துவராகத் தொழில் செய்ய முடியாது. படிப்புச் செலவுக்காக மருத்துவமனை ஒன்றில் இரவுநேரப் பணியாளாக, நோயாளிகளின் மலச்சட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். பகலில் படிப்பு. வெப்ப நாட்டு மருத்துவத்தில் டிப்ளோமா பெற்ற பிறகு உயிர்வேதியியல் துறைக்கு மாறினார். ஒரு நோயை வெல்ல வேண்டுமானால் உடம்புக்குள் நடப்பதை முதலில் அறிய வேண்டும் என்று அவர் கண்ட வழி அது.

1925இல் அவரும் அவருடைய பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்கேயும் இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று உலகத்துப் பரிசோதனைக் கூடங்களில் பல்லாண்டுகள் வழங்கியது இதுதான். தசைகளில் சக்தியைச் சேர்த்து வைக்கும் பொருளான பாஸ்போகிரியேட்டினை 1927இல் அறிவித்தார்கள். உடம்பின் ஒவ்வோர் அணுவும் செலவழிக்கும் நாணயம் என்று சொல்லத்தக்க ஏ.டி.பி.யை 1929இல் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டறிந்தார். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

இத்தனை செய்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த வேறு சில பொருள்கள், உடன் இருந்தவரின் பொறாமையால் வெளிவராமலே போய், பல ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க நேர்ந்தது. அங்கே அவரோடு பணியாற்றி, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். சுப்பாராவ் யாரோடும் வழக்காடியதாகத் தெரியவில்லை. ஈரலில் இருக்கும் சோகை தீர்க்கும் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையில் மூழ்கினார்.

கோஷா ஆஸ்பத்திரிப் பெண்கள்

இங்கே நாம் பாஸ்டனை விட்டு இந்தியாவுக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். சுப்பாராவ் தேடிய அதே பொருளின் இன்னொரு நுனி அங்கே, நம் சமுதாயப் பெண்களின் வழியாகத்தான் கிடைத்தது.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைப் பகுதிகளில் கர்ப்பிணிகள் கடுமையான சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். யாருக்கு இந்நோய் அதிகம் என்று பார்த்தபோது, நல்ல உணவு கிடைக்காத ஏழை முஸ்லிம் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். கிருமியால் வந்த நோயாக இருக்குமோ என்ற ஐயத்தைச் சோதித்து ஒதுக்கினார். நம் தமிழகத்துக் குன்னூரில் பரிசோதனை எலிகளுக்கு அந்தப் பெண்களின் உணவையே கொடுத்து ஆராய்ந்தார். 1931இல் சென்னையில், இன்றும் நம் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கும் பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றினார். ரொட்டியில் தடவும் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு இந்தச் சோகையைக் குணமாக்குகிறது என்பதை அதே ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அதில் இருந்த பொருள் இன்னதென்று அப்போது யாருக்கும் தெரியாது. வில்ஸ் சத்து என்றே அதை அழைத்தார்கள்.

சிகிச்சைக்கு வந்து, தங்கள் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்த அந்தப் பெண்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. ஆனால் இன்று உலகத்துக் கர்ப்பிணிகள் விழுங்கும் மாத்திரையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

மஞ்சள் மாத்திரை பிறந்தது

1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அவரது குழு ஈரலிலிருந்தும் நுண்ணுயிர்களிடமிருந்தும் அந்த மர்மச் சத்தைப் பிரித்தெடுத்து, 1945இல் ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகச் செய்து காட்டியது. கீரையிலும் இருப்பதால், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்ற பெயர் ஏற்கனவே வழக்கில் வந்திருந்தது. அறிவிப்புக் கட்டுரையில் 16 பேர் பெயர் இருந்தது. தலைவரான சுப்பாராவின் பெயர் அந்த வரிசையின் நடுவில் ஒன்றாக நின்றது.

மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். டாக்டர் டாம் ஸ்பைஸ் முதலானோர் கியூபாவிலும் பிற இடங்களிலும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே நாக்குப் புண் ஆறத் தொடங்கியது. பசி எடுத்தது. புதிய இரத்த அணுக்கள் பெருகின. சுப்பாராவின் சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு, அவர்கள் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, அவர் தலைமையில் செய்த மருந்து வந்து சேர்ந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? நம் சிறுகுடலின் உட்சுவரில் கம்பளத்து நூல்போல லட்சக்கணக்கான சிறு விரல்கள் உண்டு. உணவின் சத்தை உறிஞ்சுவது அவைதான். அவற்றின் மேல்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. அப்படிப் புதிய அணுக்கள் பிறக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். ஸ்ப்ரூ நோயில் அந்த விரல்கள் தேய்ந்துவிடுவதால் ஃபோலிக் அமிலம் உள்ளே போவதில்லை. அது போகாததால் விரல்கள் முளைப்பதில்லை. இரத்தமும் நாக்கின் தோலும் இப்படியே நலிகின்றன. இந்தச் சுழலை மாத்திரை அறுக்கிறது.

அது மட்டும் போதாது என்பதும் பிறகு தெரிந்தது. குடலில் தங்கியிருக்கும் கிருமிகளையும் விரட்ட வேண்டும். அதற்கு மருத்துவர்கள் டெட்ராசைக்ளின் கொடுக்கிறார்கள். அந்த மருந்துக் குடும்பத்தில் முதலில் வந்த ஆரியோமைசினை 1948இல் உலகுக்கு அளித்ததும் சுப்பாராவ் தலைமை வகித்த அதே ஆய்வுக்கூடம்தான். கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர் என்னும் முதியவர். ஆக, இன்றுவரை ஸ்ப்ரூ நோய்க்கு மாதக்கணக்கில் சேர்த்துக் கொடுக்கப்படும் இரண்டு வகை மருந்தும் ஒரே இடத்தில் வேர் கொண்டவை. 1960களில் தமிழகத்து வட ஆர்க்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய்போலப் பரவியபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதை ஆராய்ந்து உலகுக்கு வழிகாட்டியது.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களைக் கொல்லும் ஹெட்ரசான் மருந்தும் சுப்பாராவின் குழுவிடமிருந்து 1947இல் வந்ததே. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் அவர்கள் செய்தார்கள். அவற்றைக் கொண்டு டாக்டர் சிட்னி ஃபார்பர் பாஸ்டனில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு முதல்முறையாக நோய் தணியச் செய்தார்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஈரலில் சுப்பாராவ் முதலில் தேடியது, நரம்பையும் தாக்கும் கொடிய சோகைக்கான மருந்தை. ஃபோலிக் அமிலம் அந்நோயில் இரத்தத்தைச் சரிசெய்தது. நரம்புகளைக் காக்கவில்லை. அதற்கு வேண்டியது பி12 என்று 1948இல் வேறு குழுக்கள் கண்டன. இதனால்தான் சோகை என்றவுடன் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது, இரத்தம் சோதித்த பிறகே உட்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

மறைவு

1948 ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. பெருஞ்செல்வமும் இல்லை. ஒரு பூஞ்சைக்கு ஆய்வாளர்கள் சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள். 1995இல் இந்திய அரசு அவர் நூற்றாண்டுக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. 1991இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, தண்டுவடக் குறையோடு பிள்ளை பெற்ற தாய்மார்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நமக்கு

ஐம்பதாண்டு நிறைவில் இந்த வாழ்க்கையிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, வயிற்று நோயை வெட்கப்பட்டு மறைக்கும் பழக்கம். மலத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசக் கூச்சப்பட்டு, கை மருந்திலேயே மாதங்களைக் கடத்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நிற்காத வயிற்றுப்போக்கு, காரணமில்லாத மெலிவு, ஆறாத நாக்குப் புண், மலத்தில் இரத்தம், வெளிறிய முகம் இவை எதுவானாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 50 வயது கடந்தவர்களுக்கு, மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனை அரசாங்கக் கிளினிக்கில் உண்டு. மலச்சட்டி கழுவிப் படித்த ஒருவர் உலகுக்கு மருந்து தந்தார். நாம் ஒரு சிறு டப்பாவைக் கிளினிக்கில் கொடுக்கக் கூசலாமா?

இரண்டாவது, தொடக்கத்தில் சொல்லாமல் வைத்த காரணம். ரங்கூனில் உழைத்த ஒருவர் விட்டுச் சென்ற பணம் இல்லாவிட்டால் சுப்பாராவ் கப்பலேறியிருக்க முடியுமா? தேர்வில் இருமுறை தவறியவர், முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர், நோயில் விழுந்து எழுந்தவர். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் எந்தக் குழுவும் அவரைத் தள்ளியிருக்கும். நம் கல்வி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் புரட்டும்போது இதை நினைவில் வைப்போம். மாதம் பத்து வெள்ளி கொடுக்கும் நம் உறுப்பினர்கள், அது எங்கே போகிறது என்று சில நேரம் கேட்கிறார்கள். எங்கே போகும் என்று நமக்கும் தெரியாது. சத்தியலிங்க நாயக்கருக்கும் தெரியாது. மனிதன் இறந்த பின்னும் நன்மை எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் தர்மத்தின் இயல்பு அதுதான்.

நம் பிள்ளைகளிலிருந்தும் இப்படி மனித குலத்துக்குப் பயன்படும் ஒருவரை வல்ல அல்லாஹ் எழுப்புவானாக. நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.